கணபதி எங்கே இறங்குவார்?

1

“கணபதி எங்க இறங்குவாரு?”

கேட்டது நாலு வயதுப் பெண் குழந்தை. கேட்ட இடம், வி.டி. நிலையத்திலிருந்து பத்லாபூர் போகும் மின்ரயிலின் பெண்கள் பெட்டி. தசராவுக்கு அந்தப் பெட்டிக்காரிகள் பூஜை போட்டு விசிறிக்குக் கீழே ஒட்டிய படத்தில், கணபதி தம் மூஞ்சூறின் மேல் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குழந்தை தாதரில் ஏறியதிலிருந்து ஒன்றைக் கவனித்துக்கொண்டே வந்திருக்கிறது. ஏறுகிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “குடே?” எங்கே இறங்குவீர்கள்? சௌக்கியமா என்று கேட்பதில்லை, பெயர் கேட்பதில்லை. ஆகவே அதுவும், பெட்டியிலேயே நல்ல இடம் பிடித்தவரைப் பார்த்துக் கேட்டுவிட்டது.

பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: “அவருக்குக் கடைசி ஸ்டேஷன்டி ராணி.”

“அப்ப அவருக்கப்புறம் நான்,” என்றாள் நின்றுகொண்டிருந்த இன்னொருத்தி. “எல்லாரும் கேட்டுக்கங்க, நான்தான் மொதல்ல சொல்லிவெச்சேன்.”

பெட்டி முழுக்கச் சிரித்தது. இந்தக் கதை அந்தச் சிரிப்பில் பிறந்தது.

[அப்படி எழுதினால் அழகாக இருக்கிறது, எழுதிவிட்டேன். உண்மையில் கதை முன்பே என்னிடம் இருந்தது. கேள்விதான் பிறகு வந்து ஏறிக்கொண்டது. பிறகு ஏறியவளுக்கு முன்னால் இடம் கொடுத்திருக்கிறேன். எங்கள் பெட்டியில் இது நடப்பதுதான்.]

வழக்கம் இதுதான்: உட்கார்ந்திருப்பவளிடம் முதலில் கேட்டவளுக்கு, அவள் இறங்கியதும் அந்த இடம். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. “எனக்கு டோம்பிவிலி. நீங்க உக்காந்துக்கங்க,” என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அந்த வார்த்தையை மீறி வேறொருத்தி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முப்பது வருடமாக இந்த ஊரில் கடவுள் நம்பிக்கையோடு வாழ்கிறேன் என்றால், அதற்குக் கோயில்கள் பாதிக் காரணம், இது பாதிக் காரணம். எனக்கே ஒருமுறை, கண் அறுவைச் சிகிச்சை முடிந்து வரும்போது, ஒரு பெண் தன்

[இல்லை. இதை இங்கே சொன்னால் கதை கெட்டுவிடும். ஆறாம் பகுதி வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.]

2

தொடக்கம் ஒன்று: “மாநகரத்தின் ஓயாத இதயத் துடிப்பில்

அடித்துவிட்டேன். எனக்கு இந்த ஊரின் இதயத்தை விட அதன் முழங்கைதான் அதிகப் பழக்கம்.

தொடக்கம் இரண்டு: “ருதுஜா ஷெலார் ஒரு மேதை.”

இல்லை. பொறியியல் கல்லூரியில் கணக்குப் பாடத்தை இரண்டு முறை எழுதித் தேறியவள். கோபம் வந்தால் மூக்கு சிவக்கும். மேதைகளுக்கு அப்படி ஆகுமா, தெரியவில்லை.

தொடக்கம் மூன்று: “ருதுஜாவின் அம்மா உட்கார வேண்டும்.”

இதுதான். இந்தக் கதையில் நடப்பது எல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

அம்மாவின் பெயர் உஜ்வலா. தாதரில் ஒரு பெரிய புடவைக் கடையில் விற்பனைப் பெண். வெள்ளை மெத்தையில் உட்காருவது வாங்க வருகிறவர்கள். விரித்துக் காட்டுகிறவள் நிற்க வேண்டும். காலையில் நிற்கத் தொடங்கினால் கடை விடும்வரை நிற்க வேண்டும். பிறகு தாதரில் ரயில் ஏறினால் அது வி.டி.யிலேயே நிரம்பி வந்திருக்கும். பத்லாபூர் வரைக்கும் அதே கால்கள்தான். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிட்டன. டாக்டர் சொன்னாராம், “உக்காருங்கம்மா, கொஞ்சமாவது உக்காருங்க.”

“எங்க டாக்டர்?” என்று கேட்டாளாம் உஜ்வலா. கேலியாக இல்லை, நிஜமாகவே.

ருதுஜாவுக்கு அது கடைசி ஆண்டு. அன்றாடத் தொல்லை ஒன்றைத் தீர்க்கும் தொழில்நுட்பத் திட்டம் எல்லோரும் செய்தாக வேண்டும். வகுப்பில் ஒரு குழு, நிரம்பியதும் “நன்றி, போதும்” என்று சொல்லும் குப்பைத்தொட்டி செய்தது. அது காலியாக இருக்கும்போதும் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு குழு சாலைப் பள்ளங்களை வரைபடத்தில் காட்டியது. படத்தில் சாலையைத்தான் தேட வேண்டியிருந்தது. ருதுஜாவும் அவள் தோழி அல்ஃபியாவும் செய்த கைப்பேசிச் செயலியின் பெயர், “குடே?”

உட்கார்ந்திருப்பவள் தான் இறங்கும் இடத்தைச் சொல்லிவைப்பாள். நிற்பவள் பெயர் கொடுப்பாள். யாருக்கு அதிக தூரம் பாக்கியோ, அவளுக்குச் செயலி இடம் ஒதுக்கும். எழுந்திருப்பவள் “இறங்குகிறேன்” என்ற பொத்தானை அழுத்தினால் அடுத்தவளின் போன் துள்ளும். கூட்டத்தில் தொண்டை கிழியக் கேட்க வேண்டாம். முந்திக் கேட்கத் தெரியாத கூச்சக்காரிகளும் உட்காரலாம். இதில் அல்ஃபியா ஒன்றைச் சேர்த்தாள். அவள் வீடு மும்ப்ராவில். “எங்கடீ வர்றே, எங்கடீ வர்றே” என்று அவள் அம்மி, அதாவது அம்மா, நிலையத்துக்கு நிலையம் போன் செய்வாள். அந்தத் தொல்லை தீர, உட்கார்ந்ததும் ஒன்று, இறங்கியதும் ஒன்று என்று வீட்டாருக்குத் தானாகவே செய்தி போகும்படி செய்தாள். பயணம் செய்பவரைப் படத்தில் ஒரு பச்சைப் புள்ளியாகவும் பார்க்கலாம்.

இந்தச் செய்தியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஓட வேண்டியிருக்கும்.

[அல்ஃபியாவைப் பற்றி ஒரு சந்தேகம். என் முதல் வரைவில் அவள் மிகவும் சாதுவாக வந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, படித்துச் சொன்னேன். “மாவ்ஷி, யாரு இந்த நல்ல பொண்ணு? ஒரு எடத்துலயாவது நான் யாரையாவது திட்டற மாதிரி போடுங்க,” என்றாள். போடுகிறேன். மாவ்ஷி என்றால் பெரியம்மா; அது நான்தான்.]

3

நான் மாட்டுங்காவில் ஒரு பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். வீடு அம்பர்நாத். மாலையில் வீட்டுக்கு வடக்கே போக வேண்டியவள், முதலில் தெற்கே வி.டி.க்குப் போவேன். கடைசி நிலையத்தில் எல்லோரும் இறங்க, நான் மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருப்பேன். அதே வண்டி திரும்பும். நானும் என் இடத்தோடு திரும்புவேன். நான் மட்டுமா? பாதிப் பெட்டி அப்படித்தான். இதற்கு “ரிட்டன்” என்று பெயர். இந்த ஊரில் பால் குடிக்கும் குழந்தைக்கும் ரிட்டன் தெரியும்.

ருதுஜாவுக்கும் அல்ஃபியாவுக்கும் தெரியாதா? நன்றாகத் தெரியும். எவ்வளவு நன்றாக என்றால், அதை இயந்திரத்திடம் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. தண்ணீர் நனைக்கும் என்று யாராவது யாருக்காவது சொல்வார்களா? கடைசி நிலையம் வந்தால் எல்லா இடமும் காலி என்று அது தானாக முடிவு கட்டிக்கொண்டது.

முதல் பரிசோதனை வி.டி.யில் நடந்தது. நடைமேடையில் கல்லூரிப் பெண்கள் முப்பது பேர், கையில் போனோடு. அவர்களுடைய வழிகாட்டி கானோல்கர் சார் பெண்கள் பெட்டிக்குள் ஏற முடியாது. ஆகவே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். வண்டி வந்தது. முப்பது போன்களும் ஒரே சமயம் துள்ளின. ஜன்னலோரம் உங்களுக்கு. நடு இடம் உங்களுக்கு. வாழ்த்துகள்!

முப்பது பேரும் பாய்ந்து ஏறினார்கள். உள்ளே நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

“ஆன்ட்டி, எழுந்திரிங்க. என் சீட்டு.”

“உன் சீட்டா?” வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சுமன் கேட்டாள். சுமன் கல்யாணில் தையல் கடை வைத்திருப்பவள்; எங்கள் பெட்டியில் பெரிய வாய். “உங்கப்பா கட்டிலு மெத்தையோட எறக்கிப் போட்டாரா?”

“போன் சொல்லுது ஆன்ட்டி.”

“அப்ப போன் மேல உக்காரு.”

“நீங்க இறங்கலையா?”

“நான் ஏறவே இல்லடி, இங்கயேதான் இருக்கேன்!”

“ரிட்டன்காரங்களைச் சேர்க்க மறந்துட்டோம்!” அல்ஃபியா தலையில் அடித்துக்கொண்டாள். “அட மண்டூகமே, ரிட்டன்டி, ரிட்டன்! நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மூளைகூட இல்ல!”

[திட்டுவது போல் போட்டுவிட்டேன், அல்ஃபியா. தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டாள். அதனால் இன்னும் நல்ல பெண்தான்.]

வெளியே கானோல்கர் சார், “என்ன ஆச்சு? யாரு உக்காந்திருக்காங்க? முடிவைச் சொல்லுங்க!” என்று ஜன்னல் ஜன்னலாக ஓடினார். ரயில்வே போலீஸ்காரம்மா வந்து, “சார், இது லேடீஸ் டப்பா. எட்டிப் பாக்கறீங்களே, வெக்கமா இல்ல?” என்றாள். “நான் வழிகாட்டிம்மா!” என்றார் சார். “வழி அந்தப் பக்கம் சார்,” என்று அவள் ஆண்கள் பெட்டியைக் காட்டினாள்.

ருதுஜா மட்டும் சிரிக்கவில்லை. மூக்கு சிவந்து நின்றாள். என் கையிலிருந்த கடலையில் ஒரு பிடி கொடுத்து, என் பக்கத்தில் ஒடுங்கி உட்காரச் சொன்னேன். மூன்று பேர் இடத்தில் நாலாவது ஆளாகப் பாதி உடம்பைத் தொங்கவிட்டு உட்காருவதும் எங்கள் வழக்கம்தான். தாணே வருவதற்குள் அம்மாவின் கால்களைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டாள்.

“தோத்துட்டேன்னா ஆயி நின்னுக்கிட்டேதான் வருவா, மாவ்ஷி,” என்றாள். ஆயி என்றால் அம்மா. வேறு எதுவும் அவளுக்குத் தோல்வியாகப் படவில்லை.

4

[இந்தப் பகுதியில் அவர்கள் செயலியைச் சரி செய்கிறார்கள். அதைச் சுவையாக எழுத முயன்றேன். இரண்டு பெண்கள் கணினியின் முன்னால் உட்கார்ந்து அவல் போஹா சாப்பிடுவதற்கு மேல் ஒன்றும் நகரவில்லை. விட்டுவிடுகிறேன்.]

சரி செய்தார்கள். இந்த முறை சுமனே ஊர்முழுக்கப் பரப்பினாள். “போன் மேல உக்காரச் சொன்னது நான்தான்” என்ற பெருமையோடு. மழை தொடங்குவதற்குள் எங்கள் வண்டியிலும் அதற்கு முன்னும் பின்னும் போகும் வண்டிகளிலும் “குடே?” ஓடியது.

கஷ்டம் உஜ்வலாவைச் சம்மதிக்க வைப்பதில்தான் இருந்தது.

“எனக்கு எதுக்குடி? வாயாலயே கேட்டுக்க மாட்டேனா?”

“நீ கேக்க மாட்டே ஆயி. மத்தவங்க கேக்கறதைப் பாத்துக்கிட்டு நிப்பே.”

“சரி, வை. அழுவாதே. மூக்கைப் பாரு, தக்காளி.”

முதல் நாள் மாலை தாணேயில் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ருதுஜாவின் போனில் ஒரு செய்தி வந்தது: உஜ்வலா ஷெலார், தாதர், அமர்ந்துவிட்டார். ருதுஜா நாற்காலி மேல் ஏறி ஆடினாளாம். அல்ஃபியா மேசையில் தாளம் போட்டாளாம். கானோல்கர் சார் எட்டிப் பார்த்துவிட்டு, இதுவும் பெண்கள் பெட்டி என்று நினைத்தோ என்னவோ, பேசாமல் போய்விட்டாராம்.

நாற்காலியிலிருந்து அவள் இறங்கி, அங்கே வண்டி ஓரிரு நிலையங்கள் போவதற்குள் இன்னொரு செய்தி: உஜ்வலா ஷெலார் காட்கோபரில் இறங்கிவிட்டார்.

பத்லாபூர் போக வேண்டியவள், காட்கோபரில் எதற்கு இறங்குகிறாள்?

5

ருதுஜா போன் செய்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இன்னொரு முறை. எடுக்கவில்லை.

“கால் வலிச்சு இறங்கியிருப்பா. மயக்கம் வந்திருக்கும். ப்ளாட்பாரத்துல விழுந்து கெடக்கறா, அல்ஃபி!”

இருவரும் தாணே நிலையத்துக்கு ஓடினார்கள். காட்கோபர் போகும் வண்டிக்குக் காத்திருக்கும்போது அல்ஃபியா படத்தைப் பார்த்தாள். பச்சைப் புள்ளி காட்கோபரில் இல்லை. அது தாணேயைத் தாண்டி, மும்ப்ராப் பக்கம் பறந்துகொண்டிருந்தது.

“ருது, ஆன்ட்டி காட்கோபர்ல. போன் மும்ப்ரால. அப்படின்னா…”

“திருடிட்டாங்க!”

அடுத்து வந்த பத்லாபூர் வண்டியில் ஏறினார்கள். அதில்தான் நான் இருந்தேன். விஷயத்தைக் கேட்டதும் பெட்டியே எழுந்துகொண்டது. வெறுமனே உட்கார்ந்து ஊர் போய்ச் சேருவதை விடத் திருடனைத் துரத்துவது எவ்வளவு மேல்! சுமன் கீரையை மூட்டை கட்டினாள். யாரோ ஒருத்தி காட்கோபரில் பூக்கடை வைத்திருக்கும் தன் அண்ணிக்குப் போன் செய்து, நடைமேடை முழுக்கத் தேடச் சொன்னாள்.

“திருடன் இப்ப எங்க?”

“டோம்பிவிலி!”

“டோம்பிவிலித் திருடனா? படிச்சவங்க ஊராச்சே, நல்ல குடும்பத்துப் பையனா இருப்பான்.”

“இல்ல, இறங்கலை. போறான். கல்யாண்!”

“இறங்கறானா?”

“இறங்கலை!”

“பொம்பளைங்க டப்பாவுல இவ்வளவு தூரம் வர்றான்னா அவன் திருடி,” என்றாள் சுமன். கல்யாண் வந்தது. சுமன் இறங்கவில்லை. கடை கிடக்கட்டும் என்றாள். அம்பர்நாத் வந்தது. நானும் இறங்கவில்லை.

இதற்குள் அண்ணி பதில் சொல்லிவிட்டாள்: காட்கோபரில் யாரும் விழுந்து கிடக்கவில்லை. ருதுஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு சிரிப்புக்கு நடுவில் அந்தக் கை மட்டும் தனியாகப் பயந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே பரிகாரமாகப் படத்திலிருந்த கணபதியை ஒருமுறை நினைத்துக்கொண்டேன்.

[இது வேறு வண்டி. இதில் படம் கிடையாது. ஆனாலும் நினைத்துக்கொண்டேன்.]

பத்லாபூரில் ஏழெட்டுப் பேர் இறங்கினோம். புள்ளி எங்களுக்கு முன்னால் காய்கறிச் சந்தைக்குள் புகுந்தது.

“தக்காளி வாங்கறா!”

“திருட்டுப் போனை வெச்சுக்கிட்டு என்ன தைரியம்!”

புள்ளி மருந்துக் கடையில் சற்று நின்றது. மாருதி கோயிலில் சற்று நின்றது. “சாமி வேற கும்பிடறாளே பாவி,” என்றாள் சுமன், தன் காலணியைக் கோயிலைப் பார்த்துக் கழற்றி மாட்டியபடியே. பிறகு புள்ளி ஒரு சந்தில் திரும்பி, ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து, அசையாமல் நின்றது.

ருதுஜாவும் நின்றாள்.

“அல்ஃபி, திருடி எங்க வீட்டுக்குள்ள போயிட்டா!”

6

கதவு திறந்துதான் இருந்தது. உஜ்வலா நின்றுகொண்டு பாக்ரி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கடையின் கத்தரிப்பூ நிறச் சீருடைப் புடவை. வளையல்களில் வரிசையாக ஊக்குகள். புடவைக் கடைப் பெண்களுக்கு அது வழக்கம். மேசை மேல் தக்காளி.

“என்னடி, ஊர்வலமா?” என்றாள்.

“எங்க இறங்கினே?” ருதுஜா கத்தினாள்.

“எங்க இறங்குவாங்க? பத்லாபூர்ல.”

“காட்கோபர்னு வந்துச்சு! போன் எடுக்கல!”

“போன் பைக்குள்ள. பை கூட்டத்துக்குள்ள.” உஜ்வலா கொஞ்சம் யோசித்தாள். பிறகு முகம் மாறியது; மிட்டாய் எடுத்து மாட்டிக்கொண்ட சின்னப் பெண் போல. “அந்தப் பொத்தானை அமுக்கினா வீட்டுக்கு வேற சொல்லிடுமா?”

“நீ இறங்கவே இல்ல.”

“இல்ல.”

“உக்காரவும் இல்ல.”

“யாரு சொன்னா? காட்கோபர் வரைக்கும் உக்காந்தேனே! நல்லாத்தான் இருந்துச்சுடி உன் சீட்டு. ஜன்னலோரம். காத்து.” மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள். “தாதர்ல என்கூடவே ஒரு பொண்ணு ஏறிச்சு. பரீட்சைப் புஸ்தகத்தைத் தெறந்து வெச்சுக்கிட்டு, நின்னபடியே தூங்குது. தலை கம்பியில இடிக்குது, முழிக்குது, திரும்பத் தூங்குது. உன் வயசுதான் இருக்கும். நான் என்ன பண்ண?”

“எடம் தர்றேன்னு சொல்ல வேண்டியதுதானே! இறங்கறேன்னு எதுக்குப் பொய்?”

“எடம் தர்றேன்னா, வேணாம் மாவ்ஷின்னு சொல்லும். இல்ல, உக்காந்துட்டு வழி பூரா என் காலையே பாத்துக்கிட்டு வரும். இறங்கறேன்னு சொன்னா நிம்மதியா தூங்கும். நான் அந்தப் பக்கத்துக் கதவுக்குப் போயிடுவேன். கூட்டத்துல யாரு பாக்கறா?”

“தெனமும் இப்படித்தானா?”

“தெனமும் எனக்கு எங்கடி சீட்டு கெடைச்சுது? எப்பவாவது.”

ருதுஜா தரையில் உட்கார்ந்து அழுதாள். கோபமா, நிம்மதியா, தெரியவில்லை. அல்ஃபியா அழுதுகொண்டே சிரித்தாள். சுமன், மூக்கை உறிஞ்சிவிட்டு, “வாங்க, அந்தக் காலைத் தூக்கி மேல வைங்க மொதல்ல,” என்று உஜ்வலாவை நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்து, மீதிப் பாக்ரியைத் தானே தட்டத் தொடங்கினாள்.

இப்போது நான் முதல் பகுதியில் நிறுத்திய வாக்கியத்தை முடிக்கலாம்.

எனக்கே ஒருமுறை, கண் அறுவைச் சிகிச்சை முடிந்து வரும்போது, ஒரு பெண் தன் இடத்தை விட்டு எழுந்தாள். ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் கூட்டம். அவள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. “உக்காருங்க மாவ்ஷி, எனக்குக் காட்கோபர் வந்துடுச்சு,” என்றாள். கம்பியைப் பிடித்த கையில் வளையல், வளையலில் வரிசையாக ஊக்குகள். கூட்டத்தில் மறைந்தாள். எவ்வளவு சரியான நேரத்தில் காட்கோபர் வந்தது என்று நான் அன்று கடவுளுக்கு நன்றி சொன்னேன். அம்பர்நாத் வரை தூங்கிக்கொண்டு வந்தேன்.

ஊக்கு மாட்டிய வளையல்கள் தாதரில் ஆயிரம் இருக்கும். ஆனால் அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

உஜ்வலா என்னையே பார்த்தாள். “உங்களை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே.”

“ரயில்ல பாத்திருப்பீங்க,” என்றேன். பாக்ரியும் கடலைச் சட்னியும் கொடுத்தாள். சாப்பிட்டேன். வேறு எதுவும் சொல்லவில்லை. சொன்னால், ஐயோ அதெல்லாம் ஒன்றுமில்லை என்று அவள் அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டுவிடுவாள்.

7

முடிவு (அ): “குடே?” மாநில அளவில் முதல் பரிசு பெறுகிறது. மேடையில் உஜ்வலாவை நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள். எல்லோரும் கைதட்டுகி

இல்லை. பரிசு கிடைக்கவில்லை. பரிசு குப்பைத்தொட்டிக்குப் போனது. “நன்றி, போதும்” என்று அது மேடையிலேயே சொன்னதில் நடுவர்கள் மயங்கிவிட்டார்கள்.

முடிவு (ஆ): ருதுஜா தன் அம்மாவின் போனில் மட்டும் “இறங்குகிறேன்” பொத்தான் பத்லாபூர் வரும்வரை வேலை செய்யாதபடி பூட்டிவிடுகிறாள். இதை உண்மையிலேயே செய்து பார்த்தாள். உஜ்வலா போனைப் பையில் போட்டுவிட்டு, வாயாலேயே “எனக்குக் காட்கோபர்” என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டாள். இயந்திரத்தைப் பூட்டலாம்.

நடந்தது வேறு. தேர்வன்று கானோல்கர் சார் கேட்டார்: “உங்க செயலியில ஒரு பழுது இருக்கு. சில பேரு இறங்கறேன்னு அமுக்கறாங்க. ஆனா புள்ளி அதே வண்டியில தொடர்ந்து போகுது. ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல, பல பேரு. ஏன் சரி பண்ணலை?”

பல பேர் என்று அன்றுதான் தெரிந்தது. உஜ்வலா ஒருத்தி மட்டுமில்லை.

“சரி பண்ணிட்டோம் சார்,” என்றாள் ருதுஜா.

“எப்படி?”

அல்ஃபியா சொன்னாள்: “இறங்கறேன்னு அமுக்கின உடனே புள்ளி மறைஞ்சுடும் சார். வீட்டுக்குச் செய்தியும் போகாது. அதுக்கப்புறம் அவங்க எங்க போறாங்க, நிக்கறாங்களா, நாங்களே பாக்க முடியாது.”

“இது பழுதை மறைக்கறதாச்சே?”

“ஆமா சார்,” என்றாள் ருதுஜா.

“உங்கம்மி என்ன சொன்னாங்க?” என்று நான் பிறகு அல்ஃபியாவைக் கேட்டேன். “பழையபடி நிலையத்துக்கு நிலையம் போன் பண்றா, மாவ்ஷி,” என்றாள்.

இருவரும் தேறினார்கள். ஆனால் நான் மூன்றாம் தொடக்கத்தில் எழுதிய வாக்கியம் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. உஜ்வலா உட்கார வேண்டும்.

8

முடிவு (இ).

உஜ்வலாவுக்கு எப்படி இடம் கொடுப்பது? “எனக்கு இங்கே இறங்கணும்” என்ற பொய்யைச் சொல்லி அவளை ஏமாற்ற முடியாது. அந்த வித்தையில் அவள்தான் பெரிய கை. அந்தப் பக்கத்துக் கதவை ஒரு பார்வை பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள். மேலும், எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. கதை எழுதுவதைத் தவிர.

யோசித்து யோசித்து ஒன்று தோன்றியது. பொய்யை உண்மையாக்கிவிட்டால்?

ஒரு மாலை, வழக்கமான வண்டியை விட்டுவிட்டு உஜ்வலாவின் வண்டியில் ரிட்டன் உட்கார்ந்து வந்தேன். இதில் கணபதி படம் இருந்தது. முதல் பகுதிக் குழந்தையும் இந்த வண்டியில்தான் கேட்டது. தாதரில் கத்தரிப்பூப் புடவை ஏறியது. உஜ்வலா என் அருகே வந்து நின்று, பழைய முறையில், வாயாலேயே கேட்டாள்:

“குடே, மாவ்ஷி?”

“காட்கோபர்.”

அவள் கண் சுருங்கியது. “உங்க வீடு அம்பர்நாத் இல்ல?”

“காட்கோபர்ல பூ வாங்கணும். நம்ம பெட்டிக்காரி ஒருத்தியோட அண்ணி கடை.”

“அம்பர்நாத்ல பூ கெடைக்காதா?”

“கெடைக்கும். ஆனா அந்த அண்ணி அன்னிக்கு உங்களைப் ப்ளாட்பாரம் பூரா தேடினா. ஒரு முழமாவது வாங்க வேணாமா?”

எல்லாம் உண்மை. ஒவ்வொரு சொல்லும். காட்கோபரில் நிஜமாகவே நடைமேடையில் கால் வைத்து, நிஜமாகவே பூ வாங்கி, பின்னால் வரும் வண்டியில் ஏறி, அம்பர்நாத் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று போகலாம். என் கண் இப்போது நன்றாக இருக்கிறது. கால்களும் மோசமில்லை.

“ம்,” என்றாள் உஜ்வலா. நம்பினாளா, தெரியவில்லை.

“பத்லாபூர் வரைக்கும் உங்க சீட்டு. வேற யாருக்காவது குடுத்தீங்கன்னா எனக்குத் தெரியாது. நான் வண்டியிலயே இருக்க மாட்டேன்,” என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

மேலே கணபதி மூஞ்சூறில் சாய்ந்திருந்தார். அவர் எங்கே இறங்குவார் என்று குழந்தை கேட்டதற்கு நாங்கள் எல்லோரும் கடைசி நிலையம் என்றுதான் நினைத்தோம். இப்போது எனக்கு அதில் சந்தேகம் இருக்கிறது. எத்தனை பேரிடம் “எனக்கு வந்துடுச்சு, நீங்க உக்காருங்க” என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்துக் கதவில் போய் நின்றிருக்கிறாரோ.

காட்கோபர் வந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு எழு

[வாக்கியத்தை இங்கே நிறுத்துகிறேன். மறந்து விட்டதல்ல. அந்தப் பெண்கள் தங்கள் இயந்திரத்தையே கண்ணை மூடிக்கொள்ள வைத்துவிட்டார்கள். வழக்கத்திலும் சாட்சி கிடையாது என்று நானே உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இதற்கு மேல் ஒரு சொல் எழுதினாலும் நீங்கள் பார்த்தவர் ஆகிவிடுவீர்கள். நான் இறங்கினேனா, அவள் உட்கார்ந்தாளா, பத்லாபூர் வரை உட்கார்ந்தே போனாளா, இல்லை வழியில் இன்னொரு தூங்குமூஞ்சிப் பெண் ஏறிவிட்டாளா, எல்லாவற்றையும் உங்கள் விருப்பம்போல் முடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மட்டும், தயவு செய்து, கொஞ்சம் ஜன்னல் பக்கம் பாருங்கள்.]